கீசர் கோளாறா, மாட்டியதில் கோளாறா?

கேள்வி இது: குளியலறையில் 25 லிட்டர் மின்சார கீசர் ஒன்றைப் புதிதாக மாட்டியிருக்கிறார்கள். இரண்டாவது வாளி நிறைவதற்குள் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடுகிறது. கீசருக்கு அடியில் இருக்கும் பித்தளை வால்வு சொட்டிக்கொண்டே இருக்கிறது. மாட்டிய பிளம்பர், வால்வில் கோளாறு, டம்மி (வாயை அடைக்கும் மூடி) போட்டு அடைத்துவிடலாம் என்கிறார். இதற்கு நடுவே வாரத்தில் இரண்டு மூன்று தடவை ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) டிரிப் ஆகிறது. கீசரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கலாமா?

அவசரப்பட வேண்டாம். இரண்டு விஷயம் மட்டும் உடனே செய்யுங்கள். அந்த வால்வை யாரும் அடைக்க விடாதீர்கள். ஆர்சிசிபி ஏன் டிரிப் ஆகிறது என்று தெரியும்வரை கீசரின் எம்சிபியை (மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்சை) அணைத்தே வையுங்கள். மீதியை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் சொன்ன மூன்றில் முதல் இரண்டுக்கும் கீசர் பெரும்பாலும் காரணமாக இருக்காது. மூன்றாவதுக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

இந்தச் சோதனைகளில் 'என்ன நடக்கிறது' என்பதைவிட 'எப்போது நடக்கிறது' என்பதுதான் அதிகம் காட்டிக்கொடுக்கும். சூடேறும்போது மட்டும் சொட்டுகிறதா, ராத்திரி முழுக்கச் சொட்டுகிறதா? சுவிட்சைப் போட்டதுமே டிரிப் ஆகிறதா, பத்து நிமிடம் கழித்தா? இதைக் கேட்காமலே பாகத்தை மாற்றுகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

வெந்நீர் ஏன் போதவில்லை

முதலில் கணக்கு. கீசரில் இருக்கும் 25 லிட்டரும் 65 டிகிரியில் வெளியே வராது. எடுக்க எடுக்கக் கீழே பச்சைத்தண்ணீர் நுழையும், எல்லையில் கொஞ்சம் கலக்கும். 20 லிட்டர் நல்ல சூட்டில் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். குழாய்த்தண்ணீர் 25 டிகிரியில் இருந்தால், இந்த 20 லிட்டரை விளாவி 40 டிகிரியில் சுமார் 53 லிட்டர் குளிக்கும் தண்ணீர் ஆக்கலாம். மூன்று சாதாரண வாளிக்கு மேல். உங்களுக்கு இரண்டாவது வாளியே தேறவில்லை என்றால் எங்கோ தப்பு இருக்கிறது.

நேரத்தையும் பாருங்கள். 25 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குக் கொண்டுபோக 2000 வாட் எலிமென்ட்டுக்கு (தண்ணீரைச் சூடாக்கும் கம்பிக்கு) 35 நிமிடம் வேண்டும். 15 லிட்டர் என்றால் 21 நிமிடம். விளக்கு 10 நிமிடத்திலேயே அணைந்தால் ஒன்று சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் குறைத்து வைக்கப்பட்டிருக்கிறது, அல்லது தொட்டி முழுசாக நிரம்பவில்லை. ஒரு மணி நேரத்தை நெருங்கினால் வோல்டேஜை அளந்து பாருங்கள். சூடு வோல்டேஜின் இருமடிப் பெருக்கத்தில் குறையும். 230 வோல்ட்டுக்கு 2000 வாட் என்றால் 190 வோல்ட்டில் 1365 வாட்தான் கிடைக்கும், 35 நிமிட வேலை 51 நிமிடமாகும். நீள வயர், மெல்லிய வயர், தளர்ந்த இணைப்பு எல்லாமே கீசர் ஓடும்போது வோல்டேஜை இழுத்துவிடும். அதனால் கீசர் ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்தால்தான் உண்மை தெரியும். அணைத்துவிட்டு அளந்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

நேரம் சரியாக இருந்தும் தண்ணீர் போதவில்லை என்றால், சந்தேகம் குழாய்கள் மேல் திரும்ப வேண்டும். இரண்டு வழக்கமான தவறுகள் உண்டு.

ஒன்று, உள்ளே போகும் குழாயும் வெளியே வரும் குழாயும் இடம் மாறியிருப்பது. செங்குத்தாக மாட்டும் கீசரின் அடியில் இரண்டு நிப்பிள் (குழாய் மாட்டும் மரை முனை) இருக்கும். நீல வளையம் போட்டது பச்சைத்தண்ணீர் உள்ளே போவதற்கு, சிவப்பு வெந்நீர் வெளியே வருவதற்கு. வெளியில் இரண்டும் ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே வேறு. நீலத்தின் குழாய் குட்டையானது, தொட்டியின் அடியிலேயே முடிந்துவிடும். சிவப்பின் குழாய் தொட்டியின் உச்சிவரை நீண்டிருக்கும், ஏனென்றால் சூடான தண்ணீர் மேலேதான் நிற்கும். இரண்டையும் மாற்றி இணைத்தால் பச்சைத்தண்ணீர் உச்சியில் கொட்டி வெந்நீரோடு கலந்துகொண்டே இறங்கும், உங்களுக்கோ அடியில் இருப்பதே வெளியே வரும். முதல் சில லிட்டர் நன்றாகச் சுடும், பிறகு சட்டென்று வெதுவெதுப்பு. நீங்கள் சொல்லும் அறிகுறி இதேதான்.

கண்டுபிடிக்கக் கீசரைக் கழற்ற வேண்டாம். சூடேறிய பிறகு மின்சாரத்தை அணைத்துவிட்டு, வெந்நீர்க் குழாயைத் திறந்து ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். கீசருக்குக் கீழே இருக்கும் இரண்டு கனெக்‌ஷன் பைப்பையும் கையால் தொட்டுப் பாருங்கள், சுடும் என்பதால் பட்டும் படாமலும். சிவப்பு நிப்பிளில் இருப்பது சுட வேண்டும், நீலத்தில் இருப்பது சில்லென்று இருக்க வேண்டும். நீலம் சுட்டால் விடை கிடைத்துவிட்டது. பிளம்பர் நிப்பிளில் சரியாகத்தான் மாட்டியிருப்பார், சுவருக்குள் குழாய் பதித்தபோதே இடம் மாறியிருக்கும், அதுவும் சகஜம். சுவரில் எது பச்சைத்தண்ணீர்க் குழாய் என்று தெரிய, கனெக்‌ஷன் பைப்பைக் கழற்றிவிட்டு சுவரில் குழாய் வெளிவரும் இடத்தில் இருக்கும் ஆங்கிள் வால்வைக் கொஞ்சமாகத் திறந்து பார்க்க வேண்டும். எதில் அழுத்தத்தோடு தண்ணீர் வருகிறதோ அது நீலத்துக்குப் போக வேண்டியது.

இதில் ஒரு நுணுக்கம். நீல நிப்பிளில் திருகியிருக்கும் பாதுகாப்பு வால்வுக்குள், அதாவது நீங்கள் சொன்ன பித்தளை வால்வுக்குள், ஒருவழி வால்வும் உண்டு. அதில் தண்ணீர் தொட்டிக்குள் மட்டுமே போகும், திரும்பாது. ஆகவே குழாய்கள் மாறியிருந்து வால்வு மட்டும் சரியான நிப்பிளில் இருந்தால் வெந்நீர்க் குழாயில் சொட்டுத் தண்ணீர்கூட வராது. தண்ணீர் தாராளமாக வந்து, சூடு மட்டும் நிற்கவில்லை என்றால் வால்வையும் சேர்த்துச் சிவப்பில் மாட்டியிருக்கிறார்கள், அல்லது ஒருவழி வால்வு இல்லாத ரகத்தைப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். வால்வின் உடலில் அம்புக்குறி இருக்கும், அது தொட்டியைப் பார்த்து இருக்க வேண்டும்.

இரண்டாவது தவறு இன்னும் அதிகம் காணக் கிடைப்பது, கண்டுபிடிப்பதும் கடினம்: மிக்ஸரில் (வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து தரும் குழாயில்) பச்சைத்தண்ணீர் வெந்நீர்ப் பாதைக்குள் கள்ளத்தனமாகப் புகுந்துவிடுவது. மிக்ஸரின் வெந்நீர், பச்சைத்தண்ணீர் இரண்டு குமிழையும் திறந்துவைத்துவிட்டு, ஷவரின் முனையில் இருக்கும் விசையை மட்டும் மூடினால் இரண்டு பாதையும் மிக்ஸருக்குள்ளேயே சேர்ந்துவிடும். அழுத்தம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தத் தண்ணீர் மறுபக்கம் போகும். மிக்ஸரில் இணைத்த ஹெல்த் ஃபாசெட்டும் இதே வேலையைச் செய்யும். வேறொரு குளியலறையில் இருக்கும் மிக்ஸர்கூட இந்தக் குளியலறையின் வெந்நீரைக் கெடுக்கலாம், ஒரே கீசரிலிருந்து இரண்டுக்கும் குழாய் போயிருந்தால்.

சோதனை எளிது, கருவி வேண்டாம். கீசரை அணையுங்கள். கீசருக்குள் பச்சைத்தண்ணீர் போகும் ஆங்கிள் வால்வை முழுக்க மூடுங்கள். இப்போது வாஷ்பேசின் போன்ற ஏதாவது ஒரு இடத்தில் வெந்நீரை மட்டும் திறங்கள். சில விநாடி ஒழுகிவிட்டு நின்றுபோக வேண்டும், ஏனென்றால் கீசருக்குள் தண்ணீர் வர வழியில்லை. நிற்காமல் ஓடினால் அந்தத் தண்ணீர் கீசரிலிருந்து வருவதில்லை, எங்கோ ஒரு மிக்ஸர் வழியாகக் குறுக்கே வருகிறது. பிறகு ஒவ்வொரு மிக்ஸருக்கும் கீழே இருக்கும் பச்சைத்தண்ணீர் ஆங்கிள் வால்வை ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். எதை மூடும்போது நிற்கிறதோ அதுதான் திருடன். மிக்ஸருக்குள் தண்ணீரைத் திறந்து மூடும் பாகமான கார்ட்ரிட்ஜை மாற்றினாலோ, அந்த மிக்ஸரின் இரண்டு வரவிலும் ஒருவழி வால்வு போட்டாலோ தீரும். ஆங்கிள் வால்வே சரியாக மூடாமல் கசிந்தால் இந்தச் சோதனை பொய் சொல்லும் என்பதால், முதலில் அது இறுக மூடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு, அபூர்வம்தான், ஆனால் பார்த்ததுமே தெரிந்துவிடும். செங்குத்து ரக கீசரை இடம் பற்றாமல் படுக்கவைத்து மாட்டியிருப்பார்கள். படுக்கை ரகம் தனியாக இருக்கிறது, உள்ளே குழாய்களின் வளைவே வேறு. செங்குத்து ரகத்தைப் படுக்கவைத்தால் வெந்நீர்க் குழாயின் முனை உச்சியில் இருக்காது, மேலே காற்று தங்கிவிடும், எலிமென்ட்டின் ஒரு பகுதி தண்ணீருக்கு வெளியே எரியும். தலைகீழாக மாட்டினாலும் இதே கதி. இதைச் சரிசெய்ய வழியே கிடையாது, கழற்றி நேராக மாட்ட வேண்டும்.

சொட்டும் வால்வு

தண்ணீர் சூடானால் விரியும். 25 டிகிரியிலிருந்து 65க்குப் போகும்போது 25 லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 0.4 லிட்டர் கூடுகிறது. ஒருவழி வால்வு பின்னால் போகவிடாது, குழாய்களும் மூடியிருக்கின்றன. அந்தக் கூடுதல் தண்ணீருக்கு இருக்கும் ஒரே வாசல் பாதுகாப்பு வால்வு. வழக்கமாக 8 பார் அழுத்தத்தில் திறக்கும்படி வைத்திருப்பார்கள், எத்தனை பார் என்பது வால்வின் மேலேயே பொறித்திருக்கும். எனவே சூடேறும்போது சொட்டுவது அதன் வேலை. சொட்டவே சொட்டாத வால்வுதான் விசாரிக்கப்பட வேண்டியது.

எவ்வளவு சொட்டுகிறது என்பதை அளந்துவிடலாம். வால்வின் வடிகாலுக்குக் கீழே ஒரு பாட்டிலை வையுங்கள். குளிர்ந்த நிலையிலிருந்து ஒருமுறை முழுதாகச் சூடாக்குங்கள், நடுவில் வெந்நீர் எடுக்காதீர்கள். அரை லிட்டருக்குள் சேர்ந்து, சூடேறி முடிந்ததும் நின்றுவிட்டால் எல்லாம் சரி. கீசரை அணைத்து ஆறிய பிறகும் சொட்டினால் இரண்டே காரணம்: வால்வின் இருக்கையில் மணலோ, மரையில் சுற்றிய டெஃப்லான் டேப்பின் துணுக்கோ சிக்கியிருக்கிறது, அல்லது வரும் தண்ணீரின் அழுத்தமே அதிகம். வால்வின் நெம்புகோலை நாலைந்து முறை தூக்கி விட்டுப் பாருங்கள், குப்பை அடித்துக்கொண்டு போய்விடும். அதற்கும் நிற்கவில்லை என்றால் அழுத்தத்தை அளக்க வேண்டும்.

மாடித் தொட்டியிலிருந்து மட்டும் தண்ணீர் வந்தால் அழுத்தம் அதிகமாக இருக்க வாய்ப்பில்லை. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் என்பது கணக்கு. தொட்டி மூன்று மீட்டர் மேலே இருந்தால் 0.3 பார்தான். பிரஷர் பம்ப் இருக்கும் வீட்டிலும், உயரமான அடுக்குமாடியின் கீழ்த் தளங்களிலும் கதை வேறு. வரும் அழுத்தம் வால்வின் அளவில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 8 பார் வால்வுக்கு 6.4 பார். தாண்டினால் வீட்டுக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் அழுத்தம் குறைக்கும் வால்வு போட வேண்டும். கீசருக்கு மட்டும் போட்டால் மிக்ஸரில் பச்சைத்தண்ணீர் அழுத்தம் கூடி வெந்நீரை அமுக்கிவிடும்.

இனி டம்மி போடும் யோசனை. விரியும் தண்ணீருக்கு வழியில்லாமல் ஒவ்வொரு முறையும் தொட்டியே உப்பிச் சுருங்கும், உள் பூச்சு வெடிப்பு விடும், பற்றுவைத்த இடம் விடும். இது நல்ல சூழ்நிலையில் நடப்பது. தெர்மோஸ்டாட்டும் கட்அவுட்டும் (சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாகம்) ஒட்டிக்கொண்டு எலிமென்ட் அணையாமலே போனால் நிலைமை வேறு. எட்டு பார் அழுத்தத்தில் தண்ணீர் 170 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். அந்தச் சூட்டில் தொட்டி கிழிந்தால் தண்ணீரின் ஒரு பகுதி நொடியில் ஆவியாகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். கீசர் சுவரைப் பெயர்த்துக்கொண்டு போவது இப்படித்தான்.

சொட்டுவது தொந்தரவாக இருந்தால், வால்வின் வடிகால் வாயில் ஒரு மெல்லிய ரப்பர் குழாயைச் செருகி, வளைவில்லாமல் சரிவாகத் தரை வடிகாலுக்குக் கொண்டுபோய்விடுங்கள். முனை திறந்தே இருக்க வேண்டும், கண்ணில் படவும் வேண்டும். பிளக் சாக்கெட்டின் மேலோ ஆள் நிற்கும் இடத்திலோ விழக் கூடாது, வருவது வெந்நீராகவும் இருக்கலாம். வால்வுக்கும் தொட்டிக்கும் நடுவில் மூடும் வால்வு எதையும் போடக் கூடாது. ஆங்கிள் வால்வு எப்போதும் பாதுகாப்பு வால்வுக்கு முன்னால்தான். மாதம் ஒருமுறை நெம்புகோலைத் தூக்கிவிடுவது நல்லது, உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் இல்லாவிட்டால் வால்வு இறுகி உட்கார்ந்துவிடும்.

ஒருவழி வால்வு வேலை செய்யாத கீசரில் வேறொரு ஆபத்தும் உண்டு. மாடித் தொட்டி காலியானால் கீசரில் இருக்கும் தண்ணீர் வந்த வழியே திரும்பி இறங்கும். சுவிட்ச் போட்டபடி இருந்தால் எலிமென்ட் காய்ந்து எரியும். தண்ணீர் உறிஞ்சப்படும் வேகத்தில் தொட்டி உள்பக்கமாக நசுங்கவும் கூடும். பச்சைத்தண்ணீர்க் குழாயில் திடீரென்று வெந்நீர் வந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஆர்சிசிபி

இதை மின்பணி தெரிந்தவர்தான் பிரிக்க வேண்டும். ஆனால் அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

சுவிட்சைப் போட்டதுமே டிரிப் ஆனால் எலிமென்ட் உள்ளுக்குள் உடைந்து உறையோடு தொட்டிருக்கும், அல்லது வயரிங்கில் தவறு. ஐந்து பத்து நிமிடம் கழித்து என்றால் எலிமென்ட்டின் உறையில் மயிரிழை வெடிப்பு, சூட்டில் விரியும்போது தண்ணீர் உள்ளே போகிறது. தண்ணீர் திறந்துவிடும்போது அல்லது குளித்து முடித்த பிறகு மட்டும் என்றால், நிப்பிளிலிருந்தோ எலிமென்ட் தட்டின் கேஸ்கட்டிலிருந்தோ கசிந்து அடிமூடிக்குள் இறங்கி இணைப்புகளை நனைக்கிறது. கீசர் அணைந்திருக்கும்போதும் டிரிப் ஆகிறது, வேறு சாதனம் போடும்போது ஆகிறது என்றால் நியூட்ரலும் எர்த்தும் எங்கோ ஒட்டியிருக்கின்றன. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை என்கிறீர்களே, அந்த நேரங்களை ஒரு தாளில் குறித்துவையுங்கள்.

எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டியது: எம்சிபியை அணைத்து, டெஸ்டரால் உறுதிசெய்து, அடிமூடியைத் திறந்து, முதலில் ஈரம் இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது. பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் கசிவு பழசு. பிறகு எலிமென்ட்டின் இரண்டு வயரையும் கழற்றி மல்டிமீட்டரால் ஓம் அளப்பது. 2000 வாட் எலிமென்ட்டுக்கு 26 ஓம் சுற்றி வர வேண்டும், 3000 வாட்டுக்கு 17 அல்லது 18. அளவே காட்டாவிட்டால் கம்பி அறுந்தது. அடுத்து எலிமென்ட்டின் ஒரு முனைக்கும் தொட்டியின் உடலுக்கும் இடையே. இங்கே மல்டிமீட்டரை நம்பக் கூடாது, அதன் பேட்டரி வோல்டேஜுக்கு மெல்லிய கசிவு தெரியாது. 500 வோல்ட் மெக்கர் (அதிக வோல்டேஜில் மின்கசிவைச் சோதிக்கும் கருவி) வேண்டும். ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்தால் அந்த எலிமென்ட்டை மாற்றிவிடலாம். புதுக் கீசர் ஈரமான இடத்தில் நாள்கணக்கில் கிடந்திருந்தால், எலிமென்ட்டுக்குள் இருக்கும் மக்னீசியம் ஆக்சைடுப் பொடி ஈரத்தை உறிஞ்சி அளவைக் குறைத்துக்காட்டும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

எர்த்தை இதோடு சேர்த்துப் பார்த்துவிடுங்கள். சாக்கெட்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்கலாம். ஃபேஸ்–எர்த் அளவு 100, 140 என்று ஆடினால் எர்த் எங்கேயும் போய்ச் சேரவில்லை. ஓடும் கீசரில் ஒன்பது ஆம்பியர் போகும்போதும் நியூட்ரல்–எர்த் துல்லியமாகப் பூஜ்யம் காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். எர்த் வயர் இல்லாத சாக்கெட்டில் நியூட்ரலிலிருந்தே ஒரு துண்டு வயரை எர்த் முனைக்கு இழுத்துவிடும் பழக்கம் உண்டு, அப்போதுதான் இப்படிக் காட்டும். ஆர்சிசிபி இருக்கும் வீட்டில் அது டிரிப் ஆகலாம். ஆர்சிசிபி இல்லாத வீட்டில் நியூட்ரல் அறுந்த அன்று கீசரின் உடம்பே ஃபேஸ் ஆகிவிடும். டிரிப் ஆவது எரிச்சலாக இருக்கிறது என்று ஆர்சிசிபியை எடுத்துவிட்டு வெறும் எம்சிபி போட்டுக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். எம்சிபி வயரைக் காப்பாற்றும். ஈரக் கையோடு நிற்கும் ஆளைக் காப்பாற்றுவது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிதான்.

சாக்கெட்டின் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலும் கீசர் சூடேற்றும், யாருக்கும் தெரியாது. ஆனால் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கும். மாறியிருந்தால் அது நியூட்ரலைத் துண்டிக்கும், விளக்கு அணைந்த பிறகும் எலிமென்ட் முழுக்க ஃபேஸ் நிற்கும். இரண்டு கம்பியையும் சேர்த்துத் துண்டிக்கும் டபுள் போல் சுவிட்ச் கீசருக்கு வேண்டும் என்பது இதற்காகவும்தான்.

2000 வாட் கீசர் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் எடுக்கும். 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், 16 ஆம்பியர் சாக்கெட், 16 ஆம்பியர் எம்சிபி, வேறு எதுவும் சேராத தனி வரி. 6 ஆம்பியர் சாக்கெட்டில் அடாப்டர் வைத்தோ எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ ஓட்டக் கூடாது. இருபது நிமிடம் ஓடிய பிறகு சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிப் பின்களைத் தொடுங்கள். இளஞ்சூடு இருக்கலாம், பிடிக்கவே முடியாத சூடு என்றால் சாக்கெட்டின் பிடி தளர்ந்துவிட்டது. பழுப்பேறிய சாக்கெட்டை இறுக்கிப் பயனில்லை, மாற்றுவதுதான் வழி.

மாட்டிய அன்றே நடந்திருக்கக்கூடிய தவறு

கீசர் நிரம்பும் முன்பே 'எரிகிறதா பார்க்கலாம்' என்று சுவிட்சைப் போடுவது. தண்ணீர் இல்லாத எலிமென்ட் சீக்கிரமே செந்தணலாகி உறை வெடிக்கும். உடனே அறுந்துபோகாமல், சில நாள் ஓடிப் பிறகு டிரிப் ஆக ஆரம்பிப்பதும் உண்டு. பல மாடல்களில் கட்அவுட்டில் ஒரு சிறு பொத்தான் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அதை அழுத்தினால் மறுபடி ஓடும். ஒருமுறை அழுத்தலாம். திரும்பவும் துருத்தினால் தெர்மோஸ்டாட்டோ எலிமென்ட்டோ போய்விட்டது. கட்அவுட்டை வயர் போட்டு இணைத்துவிடச் சம்மதிக்காதீர்கள்.

குழாய் வகையையும் ஒரு பார்வை பாருங்கள். சாதாரண பிவிசி 60 டிகிரிக்கு மேல் இளகும். வெந்நீர்ப் பாதை முழுக்க சிபிவிசி (சூட்டைத் தாங்கும் பிவிசி) அல்லது உலோகமாக இருக்க வேண்டும், சிபிவிசிக்கு அதற்குரிய பசைதான் போட வேண்டும். சிபிவிசியையும் நிப்பிளில் நேரடியாகத் திருகாமல் நடுவே உலோகக் கனெக்‌ஷன் பைப் கொடுப்பது நல்லது. பைப்பின் நட்டுக்குள் ரப்பர் வாஷர் இருந்தால் கசிவை அடைப்பது அந்த வாஷர்தான். அதன் மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவதால் ஒரு பயனும் இல்லை, துணுக்கு உள்ளே போய் வால்வை அடைப்பதுதான் மிச்சம். வாஷர் இல்லாத மரை இணைப்புக்கு மட்டும் டேப், மரையின் முனை உங்களைப் பார்த்திருக்க வலஞ்சுழியாகப் பத்துச் சுற்று. இறுக்கும்போது வால்வின் உடலை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு மற்றதால் திருக வேண்டும், இல்லாவிட்டால் தொட்டியோடு பற்றுவைத்த நிப்பிளே முறுக்கிக்கொள்ளும்.

வெந்நீர் மட்டும் மெல்லிசாக வந்தால் முதலில் அந்த டேப் துணுக்கைத் தேடுங்கள், பிறகு ஆங்கிள் வால்வின் வலையை. வெந்நீர் வர நேரமாகிறது என்ற குறைக்குக் குழாயின் அளவு காரணமாக இருக்கலாம். அரை அங்குலக் குழாயில் மீட்டருக்கு 0.12 லிட்டர் ஆறிய தண்ணீர் நிற்கும், முக்கால் அங்குலத்தில் அதற்கு இரண்டு மடங்கு. பத்து மீட்டருக்கு முக்கால் அங்குலம் போட்டுவிட்டு கீசரைத் திட்டி என்ன பயன்?

சுவர்: 25 லிட்டர் கீசர் நிரம்பினால் 35 கிலோவுக்குக் குறையாது. கான்கிரீட்டிலும் கெட்டிச் செங்கலிலும் ஆங்கர் போல்ட் நிற்கும். ஹாலோ பிளாக்கில் நிற்காது, சுவரின் மறுபக்கம் வரை துளைத்துத் தகடு வைத்து முடுக்க வேண்டும். கீசருக்கு அடியில் எலிமென்ட்டை உருவும் அளவுக்கு இடமும் வேண்டும், பொய்க்கூரைக்குள் ஒளித்து மாட்டியதை எப்படிச் சர்வீஸ் செய்வது?

எந்த வரிசையில் செய்வது

எம்சிபி அணைந்தபடியே ஆங்கிள் வால்வை மூடும் சோதனையை முதலில் செய்யுங்கள், அதற்குக் காசும் இல்லை ஆளும் தேவையில்லை. நிப்பிள் நிறங்களையும் வால்வின் அம்புக்குறியையும் டார்ச் அடித்துப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து எலக்ட்ரீஷியன் எர்த்தையும் எலிமென்ட்டையும் சோதிக்கட்டும். அவர் சரி என்ற பிறகே கீசரைப் போட்டு, பைப்பைத் தொட்டுப் பார்ப்பதும் பாட்டில் வைப்பதும். மெக்கரில் எலிமென்ட் தோற்றால் மட்டும் கீசர் விற்றவரைக் கூப்பிடுங்கள். மற்ற எல்லாம் மாட்டியவர் கணக்கு.

குழாய் மாற்றிய பிறகு திரும்ப ஓட்டும்போது, கீசர் சுவிட்ச் அணைந்திருக்க, எல்லா வெந்நீர்க் குழாயையும் திறந்துவிட்டு ஆங்கிள் வால்வைத் திறங்கள். முதலில் காற்று இருமிக்கொண்டு வரும். நிமிடத்துக்கு ஆறு லிட்டர் வரத்தில் 25 லிட்டர் நிரம்ப நாலு நிமிடத்துக்கு மேலாகும். ஒவ்வொரு குழாயிலும் தண்ணீர் கம்பி மாதிரி இடைவிடாமல் வந்த பிறகு ஒரு நிமிடம் கூடுதலாக ஓடவிட்டு மூடுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் சுற்றி உலர்ந்த டிஷ்யூ காகிதத்தைக் கட்டிவையுங்கள். தெர்மோஸ்டாட்டை 60இல் வைத்து ஒருமுறை சூடாக்கி, ஆறவிட்டு, காகிதத்தைப் பாருங்கள். சூட்டில் இறுகி ஆறும்போது மட்டும் கசியும் இணைப்பு கைக்குத் தட்டுப்படாது, காகிதத்தில் ஈரமாகத் தெரிந்துவிடும். அந்த இணைப்பைக் கால் சுற்று இறுக்கி, இன்னொரு முறை சூடாக்கிப் பார்த்த பிறகு அடிமூடியைத் திருகிவிடலாம்.